உங்கள் பெயரைத் தந்தவர்

அக்காள்மடம்
4-10-1999

வீரபத்திரன் மகள் சோணையம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். உங்கள் மீது அக்கறை கொண்ட ஒருவர், உங்கள் குடும்பம் முன்னேற வேண்டும் என்று நினைத்து, உங்கள் பெயரையும் விலாசத்தையும் என்னிடம் தந்தார்.

வீட்டில் இருந்தபடியே, அடுப்பு வேலை முடிந்த பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில், மாதாமாதம் வருமானம் பெற 'வளர்பிறை' நிறுவனம் வழி காட்டுகிறது. எங்கள் பற்பொடி, சோப்புத்தூள், மூட்டுவலித் தைலம் ஆகியவற்றை வாங்கி உறுப்பினர் ஆகுங்கள். பிறகு நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்து, அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்தால் போதும். ஒரு விதை ஆலமரமாகும்.

விருப்பம் இருந்தால் மேலே உள்ள விலாசத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். விண்ணப்பம் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
க. சண்முகவள்ளி, பி.ஏ.


வடக்கூர், திருப்பாலைக்குடி வழி
14-10-1999

சண்முகவள்ளிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாயிற்று. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுதும் பழக்கம் விட்டுப்போனதால் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது தாளில் எழுதுகிறேன்.

பற்பொடி இருக்கட்டும். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் பெயரை உன்னிடம் தந்தது யார்?

எனக்கே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஊரில் நான் வீரையா பெண்டாட்டி. ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் அப்படித்தான். தபால்காரர் மதார் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வீரபத்திரன் மகளுன்னு ஒண்ணு வந்திருக்கு, இங்கன அப்படி யாரு இருக்காக?" என்று மூன்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். என் அய்யா பேரைச் சொல்லி எனக்கு எழுதுகிறவர்கள் நான் பிறந்த சிக்கல் கிராமத்தில்தான் இருப்பார்கள். அங்கேயும் இப்போது ஒரே ஒருவன்தான். என் தம்பி குருநாதன்.

அவனும் நானும் பேசி பதினொரு வருஷம். எங்கள் அம்மா கருமாதியன்று என் வீட்டுக்காரரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தான். வீட்டு மருமகனுக்கு முதல் பந்தியில் போட இலை இல்லையா என்று கேட்டேன். "வந்த நேரத்துக்குத்தேன் இலை விழும்" என்றான். "இனிமே ஒன் வாசல மிதிச்சேன்னா என்னைய ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் சண்டை. எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

என் மகள் முருகேஸ்வரிக்கு தை இருபத்து மூன்றாம் தேதி கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அவன் நிற்க வேண்டிய இடத்தில் யாரை நிறுத்துவது என்று வீட்டில் தினமும் பேச்சு. ஒன்றுவிட்ட தம்பி சோணைமுத்துவிடம் சொல்லிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நான்தான் பிடி கொடுக்காமல் இருக்கிறேன்.

எங்கள் பக்கம் மனஸ்தாபம் வந்துவிட்டால் யாரும் நேரே வந்து சமாதானம் பேசுவதில்லை. சம்பந்தமில்லாத ஆள் மூலம் ஒரு சொல் வரும். வளையல்காரர், பஸ் கண்டக்டர், பாத்திரக் கடைக்காரர் யாராவது 'உங்களை விசாரிச்சாக' என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்தார் ஒரு அடி வைப்பார்கள். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

அவன் உன்னை எங்கே பார்த்தான்? ஆள் எப்படி இருந்தான்? அவன்தான் என்றால் ஒரு வரி எழுது. நானும் சேர்கிறேன், எனக்குத் தெரிந்த இரண்டு பேரையும் சேர்த்து விடுகிறேன்.

சோணையம்மாள்


அக்காள்மடம்
25-10-1999

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் தந்தவர்களின் விவரத்தை வெளியில் சொல்வது எங்கள் நிறுவனத்தில் வழக்கம் இல்லை. அவர் உங்கள் நன்மையை நினைப்பவர் என்று மட்டும் சொல்ல முடியும்.

விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இரண்டு இடங்களில் கையெழுத்து வேண்டும். அடுத்த மாதம் பதினைந்துக்குள் வந்தால் நல்லது.

பந்தியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மகள் திருமணம் நல்லபடியாக நடக்க வேண்டும்.

இங்கே கடல் காற்று அதிகம். தாள் நிற்கவில்லை. அதனால் கையெழுத்து சரியாக வரவில்லை, மன்னிக்கவும்.

சண்முகவள்ளி


வடக்கூர்
3-11-1999

வள்ளிக்கு,

சொல்வது வழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது போதும். அவன் இல்லை என்றால் இல்லை என்றே எழுதியிருப்பாய். படித்த பிள்ளை. "எம் பேரச் சொல்லிராத தாயி" என்று அவன்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான். ஒரு தடவை என் சிலேட்டை உடைத்துவிட்டுத் தன் சிலேட்டை என் பையில் வைத்துவிட்டான். வாத்தியாரிடம் அடி வாங்கினான். கேட்டால் தன் சிலேட்டு தொலைந்துபோயிற்று என்றான்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார். "பல்லுப்பொடிக்காரி மூலமாவா சமாதானம் வருது? ஒந்தம்பிக்கு வேற ஆளு கெடைக்கலையாக்கும்" என்றார். "யாரு மூலமா வந்தா ஒமக்கென்ன" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, சோணைமுத்துகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லல" என்றார். சோணைமுத்து காதுக்கு ஏதோ போயிருக்கிறது. கல்யாணத்துக்கு வேட்டி சட்டை எடுக்கும் யோசனையில் இருந்தவன், இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்புகிறான்.

முருகேஸ்வரியிடமும் சொன்னேன். மாமா எப்படி இருப்பார் என்று கேட்டாள். கடைசியாக அவனைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். தீபாவளி கழிந்ததும் மணியார்டரோடு அனுப்புகிறேன். அவனை மறுபடி பார்த்தால், அக்கா கடிதம் படித்துவிட்டாள் என்று மட்டும் சொல்.

சோணையம்மாள்


அக்காள்மடம்
12-11-1999

அம்மாவுக்கு,

பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. உங்கள் பெயரை யாரும் என்னிடம் தரவில்லை. விலைக்கு வாங்கினேன். ஒரு பெயர் ஒரு ரூபாய்.

எப்படி என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அய்யா சாயல்குடிப் பக்கம் விவசாயக் கூலியாக இருந்து, மழை இல்லாமல் இங்கே தென்னந்தோப்புக் காவலுக்கு வந்தவர். நான் பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்ததோடு சரி. கல்லூரியில் எனக்கு மூத்தவரான ராமலெட்சுமி அக்கா என்னை வளர்பிறையில் சேர்த்துவிட்டார். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். டை கட்டிய ஒருவர் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்த நூறு பேரை எழுதுங்கள். பால்காரர், டெய்லர், யாரையும் விடாதீர்கள்" என்றார். எல்லோரும் குனிந்து வேகமாக எழுதினார்கள். எனக்குப் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். அதில் நான்கு பேர் என் ஆசிரியர்கள்.

அந்தப் பத்தொன்பது பேரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டுப் படி வரை போனேன். "என்னம்மா?" என்று கேட்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ராமலெட்சுமி அக்காதான், "ஒனக்கு வாய்தேன் வரல, கையெழுத்து நல்லா வருதுல்ல. தெரியாத ஆளுகளுக்கு லெட்டர் போடு. பேரு இல்லைன்னா வாங்கிக்க. பெரிய ஊருகள்ல லீட்ஸுன்னு அப்படித்தேன் விக்கிறாக" என்றார். ராமநாதபுரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கும் மருதுபாண்டி என்பவரைக் காட்டிவிட்டதும் அவர்தான். நூற்று நாற்பது பெயர்களை அவர் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். அதில் நீங்கள் எண்பத்தெட்டாவது.

'அக்கறை கொண்ட ஒருவர்' என்ற வரி கம்பெனி தந்த மாதிரிக் கடிதத்தில் உள்ளது. எல்லோருக்கும் அதே வரிதான். பதில் எழுதியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

உங்கள் முதல் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். "கிறுக்கச்சி, தானா வருது, ஏன் தள்ளுற? ஆமான்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத" என்றார். அப்படியே எழுதினேன். சொன்னது அவர் என்றாலும் எழுதியது நான். எனக்கு ஒரு ஆள் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. காற்று என்று எழுதியதும் பொய். அன்று காற்றே இல்லை.

சோணைமுத்து அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. இன்னும் நாள் இருக்கிறது.

சண்முகவள்ளி


வடக்கூர்
22-11-1999

சண்முகவள்ளிக்கு,

ஒரு ரூபாய்க்கு என்னை வாங்கியிருக்கிறாய். திருப்பாலைக்குடி சந்தையில் ஒரு கட்டுக் கீரை அதைவிட விலை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. முருகேஸ்வரியிடம் இன்னும் சொல்லவில்லை. மாமாவுக்குச் சட்டை என்ன அளவு எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சோணைமுத்து வீட்டுக்கு நானே நடந்து போனேன். "இப்ப மட்டும் நான் வேணுமாக்கும்? நாலு நாளைக்கு முந்தி எம் பேரு தெரியலையா?" என்று அவன் பெண்டாட்டி முன்னால் கேட்டான். கேட்டுக்கொண்டு நின்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எனக்கு எழுதாதே.

சோணையம்மாள்

ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. அச்சகத்துக்காரன் என் பேரோடு வீட்டுக்காரர் பேரைப் போடாமல் என் அய்யா பேரை ஏன் போட்டான்? அய்யா இறந்து இருபது வருஷமாகிறது. அவனுக்கு எப்படித் தெரியும்? கேள். அதற்கு மட்டும் பதில் போடு.


அக்காள்மடம்
8-12-1999

அம்மாவுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நேற்று ராமநாதபுரம் போனேன். அச்சகத்தின் முன்னால் இரண்டு முறை நடந்துவிட்டு மூன்றாவது முறை உள்ளே போனேன். மருதுபாண்டி அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எந்தப் பேரும்மா? ஆயிரம் பேரு இருக்கு" என்றார். பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் சிலர் கவரில் விலாசம் எழுதும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாள்களை யாரும் திரும்பக் கேட்பதில்லை. அவர் அவற்றை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறார். "கரையான் திங்கிறதுக்கு நீ தின்னுட்டுப் போன்னுதேன் குடுத்தேன்" என்றார்.

சாக்கைக் கொட்டித் தேடிக்கொள்ளச் சொன்னார். தரையில் உட்கார்ந்து மதியம் முழுக்கத் தேடினேன். கிடைத்தது. கோடு போட்ட நீளத் தாள். மேலே 'குருநாதன், சிக்கல். மகள் சடங்கு, வைகாசி 1997' என்று இருக்கிறது. கீழே தபாலில் அனுப்ப வேண்டிய பதினாறு பேர். சென்னை, திருப்பூர், சிவகாசி. மூன்றாவதாக நீங்கள். 'வீரபத்திரன் மகள் சோணையம்மாள், வடக்கூர், திருப்பாலைக்குடி வழி' என்று முழுதாக எழுதியிருக்கிறது.

அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்திருக்கிறது. அதே பேனா, அதே மை. கிறுக்கி அடிக்கவில்லை. ஒரே கோடு. பெயர் நன்றாகத் தெரிகிறது.

"அடிச்ச பேர ஏன் எனக்கு எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். இவ்வளவு பேசியதே எனக்கு அதிகம். "எண்ணிக்கைக்கு ஒண்ணு கொறஞ்சுச்சும்மா. பேர அடிச்சா ஆளு இல்லாமப் போயிருமா?" என்றார்.

அவரிடம் சொல்லிவிட்டே தாளை எடுத்து வந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். அது உங்கள் தம்பி கையெழுத்துதானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். எழுதியது அவர் என்றால் அடித்ததும் அவராகத்தான் இருக்கும். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பு ஒரு தடவை தெரிந்ததுபோல எழுதிவிட்டேன்.

நான் இப்போது யாருக்கும் கடிதம் போடுவதில்லை. ராமலெட்சுமி அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். பற்பொடி டப்பாக்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அய்யா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சண்முகவள்ளி


வடக்கூர்
2-1-2000

வள்ளிக்கு,

எழுதாதே என்றவளே எழுதுகிறேன்.

அவன் கையெழுத்துதான். 'ழ'வுக்கு வால் நீட்டுவான்.

அந்தத் தாளை நான்கு நாள் அரிசிப் பானையில் வைத்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். கூடப் பிறந்தவளுக்கு யாரும் தபாலில் பத்திரிகை அனுப்ப மாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைப்பதுதான் முறை. சடங்கு என்றால் அத்தை இல்லாமல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. எழுதிய பிறகு அது நினைவுக்கு வந்து, நேரில் போவோம் என்றுதான் அடித்திருப்பான், அப்புறம் கால் வந்திருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மார்கழியில் அழைக்கப் போகக் கூடாது. தட்டு வேண்டாம், பேச மட்டும் போவோம் என்று சிக்கலுக்குப் பஸ் ஏறினேன்.

வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன சொல் இருக்கிறதே. வெளியே மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் பெண்டாட்டி சேதுலட்சுமி ஓடி வந்தாள். "உள்ள வாங்க மதினி." "இல்ல, இங்கனயே நிக்கிறேன். அவன எங்க?" "மெளகாத் தோட்டத்துக்குப் போனாக, இந்தா வந்துருவாக." அவன் மண்வெட்டியோடு வந்தான். பாதித் தலை நரைத்திருக்கிறது. நான் தாளை நீட்டினேன்.

"இது எப்படி ஒங்கிட்ட?"

"வந்துச்சு. ஏலே, நீ எழுதுனதுதான?"

"ஆமா."

"தபால்ல அனுப்பக் கூடாது, நேர்ல வரணும்னுதான அடிச்ச?"

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று நின்றேன். பொய்யாக இருந்தாலும் போதும்.

"இல்லக்கா" என்றான். "வேணாம்னுதேன் அடிச்சேன்."

"அந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா" என்றாள் சேதுலட்சுமி. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

பஸ் நிற்கும் இடம் வரை அவன் பத்தடி பின்னாலேயே வந்தான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் நின்றோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எழுதுறப்ப நீ வரணும்னுதேன் இருந்துச்சு. எழுதி முடிச்சதும் நீ அன்னைக்குப் பேசுனது நெனப்பு வந்துருச்சு."

நான் முந்தானையில் முடிந்திருந்த டிக்கெட்டுக் காசை எண்ணினேன்.

"மகளுக்குக் கல்யாணமாமே. என்னைக்கு?"

"தை இருபத்தி மூணு."

"ஞாயித்துக்கெழமையில்ல? அன்னைக்கு ஒங்க ஊருக்குக் காலைல பஸ்ஸு கெடையாதே."

"மாமன்காரன் முந்துன நாளே வந்து தங்கணும். அதான் வழக்கம்."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். எங்கள் ஊர் பஸ் நேரம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று பாதி வழியில்தான் தோன்றியது.

அவன் பேரைப் பத்திரிகையில் போடச் சொல்லிவிட்டேன். ஒரு பொய் சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம், சொல்லவில்லை. "வரலைன்னா?" என்றார் வீட்டுக்காரர். "வரலைன்னா எனக்குத்தான் தலைகுனிவு, ஒமக்கில்ல" என்றேன். சோணைமுத்துவைப் பக்கத்திலேயே நிற்கும்படி கேட்டிருக்கிறேன். அவன் பேசிய பேச்சையெல்லாம் எழுத முடியாது. ஆனால் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

உனக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. திட்டவும் தெம்பில்லை. விற்காத தைலம் இருந்தால் ஒன்று அனுப்பு. முழங்கால் வலிக்கிறது.

சோணையம்மாள்


வடக்கூர்
9-2-2000

வள்ளிக்கு,

தைலம் வந்தது. வலி அப்படியேதான் இருக்கிறது. நாற்றம் மட்டும் நன்றாக இருக்கிறது.

சனிக்கிழமை கடைசி பஸ் வரை ஆள் விட்டுப் பார்த்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்ணை அழைக்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. சோணைமுத்து மாலையைக் கையில் எடுத்துவிட்டான். அப்போது ரோட்டில் ஒரு உப்பு லாரி நின்றது. குருநாதன் இறங்கினான். சேதுலட்சுமியும் மகளும் சீர்த்தட்டும் பின்னால். வேட்டியெல்லாம் உப்பு.

"இந்தாரும், ஒமக்காகத்தேன் ரெண்டு மாசமாச் சொமக்குறேன்" என்று மாலையை நீட்டினான் சோணைமுத்து. குருநாதன் அதை வாங்கி முருகேஸ்வரிக்குப் போட்டு, அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார்கள், சாயங்காலம் போய்விட்டார்கள். போய்வருகிறேன் என்று சேதுலட்சுமிதான் சொன்னாள். இனிமேல் போக்குவரத்து இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை யோசிக்கவும் இப்போது முடியவில்லை. மூன்று நாளாக உடம்பெல்லாம் அசதி.

அவன் மணவறையில் நின்றபோது மாப்பிள்ளையின் தாயார் என் காதருகில் வந்து, "இவுக யாரு?" என்று கேட்டார்.

"எந்தம்பி" என்றேன். சொல்லி ரொம்ப நாளானதால் கொஞ்சம் தடுக்கித்தான் வந்தது.

சோணையம்மாள்